மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

சி.ஏ. ஃபைனல், அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதித் தேர்வை முடித்துவிட்டேன். ஐந்தாவது அட்டெம்ப்ட். 2025 மே மாதம் எழுதிய இரண்டாவது குரூப்பின் முடிவு ஜூலையில் வந்தபோதே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். உட்காரும்போதெல்லாம் யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். கீழ்வீட்டுப் பூக்கார அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இப்போது தெளிவாகிவிட்டது.

அக்கா, உங்களுக்கு இதைப் படித்துக் காட்டுவேன். நீங்கள் விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வருவீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஈரத்துணியை விலக்கினால், சாயங்காலம் கோயில் வாசலுக்குக் கிளம்பும் வரை உங்கள் கை நிற்காது. மொட்டாக இருக்கும்போதே கட்டினால்தானே வாங்குகிறவர் தலையில் மலரும். எங்கள் தேர்வும் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குத்தான் முடியும். இந்தப் பொருத்தம் எனக்குத் தானாக அமைந்தது. 2024 ஆகஸ்டில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் ஆடிட் புத்தகத்தோடு கீழே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறிட்டுப் பார்த்து "படி கண்ணு" என்றீர்கள், அவ்வளவுதான். கரண்ட் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் பூக்கூடையைத் தூக்கியபோது நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது பக்கம் தாண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்த நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. பத்து நிமிடம் கழிந்ததா, ஒன்றரை மணி நேரம் கழிந்ததா என்று எனக்கு உள்ளே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தால் பதறுவேன், பார்க்காவிட்டால் தொலைந்துபோவேன். உங்கள் மடியில் பூப்பந்து வளர்வது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நீங்கள் நாலு முழம் கட்டுவீர்கள். நாலு முழத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை நீட்டிப் பிடித்து, "நாலாச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த முழத்துக்குப் போவீர்கள். நான் கேட்காமலே நீங்களாகத் தொடங்கிய வழக்கம் அது.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள். "என்னா படிச்சே, சொல்லு." அன்று இன்ட் ஏ.எஸ். 115, அதாவது வருமானத்தை எப்போது கணக்கில் ஏற்றலாம் என்ற தரநிலை. முன்பணம் வாங்கினால் அது வருமானமா என்று படித்தேன் என்றேன்.

"இதுல படிக்க என்னா இருக்கு? ஆவணி முகூர்த்தத்துக்கு ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்திருக்காங்க. மாலைய அவுங்க கையில குடுக்கற வரைக்கும் அது அவுங்க காசுதான். கல்யாணம் நின்னுபோனா திருப்பிக் கேப்பாங்கல்ல?"

ஒப்பந்தக் கடப்பாடு என்று புத்தகம் இரண்டு பக்கத்தில் சொன்னதை நீங்கள் நார் முடிச்சு போடும் நேரத்தில் சொல்லிவிட்டீர்கள். எஸ்.ஏ. 530, தணிக்கையில் மாதிரி எடுப்பது பற்றிய தரநிலை, அதுவும் உங்களிடம்தான் எனக்குப் பிடிபட்டது. மூட்டையின் மேலே இருக்கும் பூ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அடியில் கையை விட்டு அள்ளிப் பார்க்கணும் என்று உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னீர்கள். எல்லா உருப்படிக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அந்தத் தரநிலை சொல்வதும் இதைத்தான். அந்த நவம்பரில் ஆடிட் தாளில் 61 வாங்கி முதல் குரூப்பை முடித்தேன். அந்த 61-இல் உங்கள் கை இருக்கிறது, அக்கா. மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், எந்தக் கேள்விக்கு எந்த உதாரணம் எழுதினேன் என்று என்னால் காட்ட முடியும்.

இதற்கு முந்தைய கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் ஆடிட் தாளின் கொள்குறி வினாக்கள், மொத்தம் 30 மதிப்பெண். ஓ.எம்.ஆர். தாளில் நடுவே ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் வட்டத்தை அடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒரு வரி தள்ளி. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் திருத்த நேரம் இல்லை. அடுத்தது 2024 மே. முதல் குரூப்பின் மூன்று தாளிலும் 40-க்கு மேல் வாங்கிவிட்டேன். ஆனால் கூட்டுத்தொகை 150 வர வேண்டும், 147 வந்தது. கடைசித் தாளில் ஐந்து மதிப்பெண் துணைக்கேள்வி ஒன்றை நான் பார்க்கவே இல்லை. தாளின் பின்பக்கத்தில் இருந்தது.

நான் படித்த ஒரு பயிற்சி வகுப்பில், அக்கறையில்லாதவர்களுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அக்கறை இருந்ததால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு வலித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

டாக்டர், 147-க்குப் பிறகு உங்களிடம் வந்தேன். முக்கால் மணி நேரம் கேட்டீர்கள். ஒருமுறைகூட மொபைலைக் குறைத்துக்கொள் என்று சொல்லவில்லை. சின்ன வயதுப் பள்ளி அறிக்கைகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னீர்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு என்று முடிவு செய்ய, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்க வேண்டும், வளர்ந்த பிறகு புதிதாக வருவது இல்லை இது என்று விளக்கினீர்கள். ஓடியாடாத, சத்தம் போடாத, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்றீர்கள். எனக்கு 27 வயது. மூன்றாம் வகுப்பு ஜன்னலும் அதற்கு வெளியே நின்ற வேப்பமரமும் அந்த நிமிடம் கண்முன் வந்தன.

அப்பா, அந்த அறிக்கைகளை நீங்கள்தான் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர், ஒரு டிக்கெட் கணக்குகூடத் தவறவிடாதவர். அம்மா போன பிறகு என் ஒவ்வொரு வருட அறிக்கையையும் நூல் கோத்து அடுக்கி வைத்திருந்தீர்கள். டாக்டர் முன்னால் நீங்களே சத்தமாகப் படித்தீர்கள்: "நன்றாகப் புரிந்துகொள்கிறாள். வகுப்பில் கவனம் இல்லை." அடுத்த வருடமும் அதுதான், கையெழுத்து மட்டும் வேறு. ஐந்தாம் வகுப்பு வரும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் ஒன்றுமே பேசவில்லை. சைதாப்பேட்டை தாண்டியதும், "உன்ன எத்தன தடவ திட்டியிருக்கேன்மா" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும், அப்பா? அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து எனக்குச் சமைத்தீர்கள். மாத்திரை போட்டால் மதியம் பசிக்காது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, காலையில் மாத்திரைக்கு முன்பே ஒரு தட்டுச் சோறு சாப்பிட வைத்தீர்கள். மாத்திரை கவனத்துக்கு உதவியது, உண்மைதான். ஆனால் அந்தத் தட்டு இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் எழுதும் தெம்பு வந்திருக்காது.

மருந்துக்கடை அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, மெத்தில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்கவும் இருக்காது. முதல் மாதம் நான்கு கடைகளில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நீங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "பரீட்சையாமா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு ஸ்டாக் வந்ததும் நீங்களே போன் செய்தீர்கள்.

தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்திருக்குமே என்று சிலர் கேட்டார்கள். இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. எல்லோருக்கும் உள்ள மூன்று மணி நேரம்தான் எனக்கும். இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதுவரை, பக்கத்தில் உட்கார ஒருவர் கிடைக்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

ஆபீஸ் சீனியர் அக்கா, ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. படிப்புக்கான அலுவலகப் பயிற்சியில், என்னை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வவுச்சர் கோப்புகள் எட்டையும் என் மேசையிலிருந்து எடுத்து உங்கள் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கொடுத்து, "இத முடிச்சுட்டு வந்து அடுத்தத வாங்கிக்கோ" என்றீர்கள். காரணம் கேட்கவில்லை, பயிற்சி தரும் ஆடிட்டரான பிரின்சிபலிடமும் சொல்லவில்லை. அதே முறையில்தான் பாடத்திட்டத்தையும் படித்தேன். மேசைமேல் ஒரு புத்தகம், மீதி எல்லாம் அப்பாவின் அலமாரியில். ஆறாவது தாள் புத்தகம் பார்த்து எழுதும் நான்கு மணி நேரத் தேர்வு. எல்லாப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். பக்கம் புரட்டியே நேரம் போய்விடும் என்று தடுத்தது நீங்கள். ஒரே ஒரு கோப்பு, ஓரத்தில் நிறத்துக்கு ஒரு பாடமாக ஒட்டிய சீட்டுகள், முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் பட்டியல். தேர்வறையில் நான் தேடித் தவித்த பக்கம் ஒன்றுகூட இல்லை.

திருநெல்வேலித் தோழிக்கு: காலை ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பு, இரண்டு பக்கமும் மைக் அணைத்து, ஒன்பது மாதம். அதில் நாம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வராது. உன் நெற்றியும் விளக்கு வெளிச்சமும் தெரிந்தால் போதும், என் கை பேனாவை எடுத்துவிடும்.

2025 மே மாதத்தையும் சொல்லியாக வேண்டும். நேர்முக வரித் தாள் எழுதி முடித்திருந்தேன். எல்லைப் பதற்றத்தால் மீதித் தாள்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நாட்டுக்கே கவலையான நேரத்தில் இதைப் பெரிதாகப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கட்டி வைத்த ஒழுங்கு கலைந்தால் என் போன்றவர்களுக்கு மறுபடி கட்டுவது லேசில்லை. இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் மதியம் பூக்கார அக்கா படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார். "பரீட்ச இல்லன்னா என்னா, பூ இருக்குல்ல. வா." புதுத் தேதி வந்து, கடைசித் தாளுக்கு முந்தைய நாள் வரை இரண்டிலிருந்து ஐந்து வரை அங்கேதான் இருந்தேன்.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருவருக்கு. 2010-இல் திறந்த நாளிலிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்திருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எதிர் இருக்கையில் நீங்கள் உட்காருவீர்கள். டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்கள், பச்சை நிறத் தண்ணீர் பாட்டில். நான் எழுந்து மூன்றாவது முறையாக வெளியே போகப் பார்த்தால் தலையை நிமிர்த்துவீர்கள், நான் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் மாதிரித் தேர்வின் ஓ.எம்.ஆர். தாளில் விரலை வைத்து வரி தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் ஸ்கேலை மேசையில் என் பக்கம் தள்ளினீர்கள். வரிக்குக் கீழே அதை வைத்து, ஒவ்வொன்றாக இறக்கி அடைத்தேன். தேர்வறையிலும் அப்படித்தான் செய்தேன். ஒரு வரிகூட மாறவில்லை.

ஏப்ரலுக்குப் பிறகு உங்களை அங்கே பார்க்கவில்லை. ஸ்கேல் என்னிடம்தான் இருக்கிறது, 15 செ.மீ., ஒரு முனை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அதே மேசைக்கு வருகிறேன்.