சபை உபசரிப்புக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

ஆயர் அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். நான் நேராக வேலைக்கு வருகிறேன்.

ஆராதனைக்குப் புதிதாக வருபவர்களை வாசலில் வரவேற்கும் பணி ஆண்டு முழுவதும் தடையில்லாமல் நடந்தது. உறுப்பினர் வீடுகளில் ஐக்கிய விருந்துகளும் நடந்தன. இந்த விருந்துகளை உபசரிப்புப் பணியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சிநேகிதரையும் உறவினரையும் அழைத்தால் அவர்களும் நம்மைத் திருப்பி அழைப்பார்கள், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்று லூக்கா 14-ல் இயேசு சொல்கிறார். ஐக்கியம் வேண்டியதுதான், ஆனால் எபிரெயர் 13:2 பேசுவது அந்நியரை உபசரிப்பதைப் பற்றி.

வழிப்போக்கருக்கான அறை இந்த ஆண்டு தயாரானது. சூனேம் ஊர்ப் பெண் அவ்வழியாய்ப் போய்வந்த எலிசா தீர்க்கதரிசிக்கு வைத்தது கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. நாமும் அதற்கு மேல் போகவில்லை (விளக்கு மட்டும் மின்விளக்கு). அறையில் தங்கியவர்களின் பெயரோ கதையோ இந்த அறிக்கையில் இல்லை, படமும் எடுக்கவில்லை. சிலர் கேட்டார்கள். உதவி பெற்றவரைக் காட்டித்தான் நம் பணியை நிரூபிக்க வேண்டும் என்றால் அந்த நிரூபணமே வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து.

குழுவில் அதிக நேரம் எடுத்த விஷயம், ஒருவர் எத்தனை இரவு தங்கலாம் என்பது. வரம்பே கூடாது என்று ஒரு சாரார், வரம்பு இல்லாவிட்டால் அறை ஒருவருக்கே போய்விடும் என்று இன்னொரு சாரார். ஆதித் திருச்சபைக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. 'திடாக்கே' என்ற பழைய போதனை நூலின் 12-ஆம் அதிகாரம், கர்த்தரின் நாமத்தில் வருகிற எவரையும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு சோதித்து அறிந்துகொள்ளுங்கள் என்கிறது. இந்த வரிசையைத்தான் நாம் பெரும்பாலும் மாற்றிப்போடுகிறோம். தொடர்ந்து அந்நூல் சொல்வது: வழிப்போக்கர் என்றால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று. அங்கேயே குடியேற விரும்பினால், தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும். தொழில் தெரியாதவருக்குச் சபை யோசித்து ஒரு வழி செய்யட்டும். அதாவது மூன்றாம் நாளோடு விருந்துதான் முடிகிறது, சபையின் பொறுப்பு முடிவதில்லை. இதைப் படித்த பின் இரண்டு சாராரும் மூன்று இரவுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேல் தங்க வேண்டியவருக்கு வேலை, வாடகை வீடு தேட உதவ ஒரு துணைக்குழு அமைந்துள்ளது.

பாதுகாப்பு விதிகள் பழையபடியே: விருந்தினரை யாரும் தனியாகக் கவனிக்கக் கூடாது, எப்போதும் பெரியவர்கள் இருவர், அறைச் சாவி சிறுவர்களிடம் போகக் கூடாது.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். விருந்தினரைக் கவனிக்க வரச் சொல்லும் இரவு நேர அழைப்புகள் அநேகமாக எப்போதும் அதே சில வீடுகளுக்கே போகின்றன. "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று 1 பேதுரு 4:9 சொல்வதை அந்த வீட்டாருக்கு நினைவூட்டுவது எளிது. ஆனால் அவர்களிடம் அன்பு குறைந்துவிடவில்லை, சுமைதான் பங்கிடப்படவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம், வருகிற விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஏழைகளிடமும் யாத்திரிகரிடமும் கூடுதல் கவனம் காட்டச் சொல்கிறது. பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது அவர் கணிப்பு. அப்புறம் உடனே சமையலறைக்குப் போய்விடுகிறார்! விருந்தினர் நேரம் பார்த்து வருவதில்லை, ஆகவே அவர்களுக்குத் தனிச் சமையலறை. அதற்கு ஓராண்டுக்கு இரண்டு சகோதரர்கள். வேலை கூடும்போது அவர்கள் முறுமுறுக்காமல் செய்ய உதவியாட்கள். வேலை குறைந்தால் அந்த இருவரும் வேறு பணிக்குப் போகலாம்.

நாம் மடம் அல்ல, குடும்பமும் பிள்ளைகளும் உள்ளவர்கள். ஆகவே ஓராண்டு நமக்கு நீளம். செயற்குழு முன்வைக்கும் தீர்மானம் இது: இரவுப் பொறுப்பை மூன்று மாதத்துக்கு இரண்டு குடும்பங்கள் ஏற்க வேண்டும், அழைத்தால் வர இன்னும் இரண்டு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டும், செயற்குழு உறுப்பினர்களுக்கு இதில் விலக்கு இல்லை. முதல் சுற்றுக்கான தாள் மேஜையில் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் விவாதிக்க விரும்புபவர்கள் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலர்