இந்த சீசன்ல எங்க கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல ஒரு காலேஜோட பொண்ணுங்க ஃபுட்பால் டீம் கேப்டன் எழுதுறேன், எனக்கு இது ஃபைனல் இயர். எங்களோட 2024-25 சீசன் முடிஞ்சிடுச்சு. செமி ஃபைனல்ல டை-பிரேக்கர்ல போச்சு, அதுக்கு நெறைய பேர் போன் பண்ணி ஆறுதல் சொன்னீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நான் எழுத வந்தது வேற. டிசம்பர் மாசமே எங்க சீசன் அவ்ளோதான்னு நாங்க உக்காந்துட்ட நேரத்துல, ஆஃப்சைடுன்னா என்னன்னு கூட தெரியாத ஆளுங்க எல்லாம் வந்து எங்கள திரும்ப கிரவுண்டுல எறக்கி விட்டாங்க. இவங்க பேரு எந்த சர்டிபிகேட்லயும் வராது, மேடைல கூப்ட்டு சால்வை போடவும் மாட்டாங்க, அதான் இந்த நன்றி மடல். பேர் போட்டா கூச்சப்படுவாங்கன்னு பேர் மட்டும் போடல, படிச்சா யாருன்னு அவங்களுக்கே தெரியும்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சு, சரி தப்பிச்சோம்னு பாத்தா ரெண்டு நாள்ல சாத்தனூர் டேம்ல இருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணி தொறந்து விட்டு தென்பெண்ணை ஆறு ரெண்டு கரையையும் தாண்டி ஊருக்குள்ள வந்துடுச்சு. தாழங்குடா, நாணமேடு, குண்டுஉப்பலவாடி பக்கம் இருக்குற எங்க பிளேயர்ஸ் வீட்டுக்குள்ள எல்லாம் தண்ணி. புக்ஸ் போச்சு, ஷூ போச்சு, ஒருத்திக்கு ரேஷன் கார்டு மொதக்கொண்டு போச்சு. தண்ணி வடிஞ்சதுக்கு அப்புறம் கிரவுண்ட போய் பாத்தோம், மூலைக்கு மூலை வண்டல், கால வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகுது, ஒரு பக்க போஸ்ட் சாஞ்சு கெடக்கு, ரெண்டு நெட்டையும் காணோம். பொங்கல் முடிஞ்சா டோர்னமென்ட்.

மொதல்ல கிரவுண்ட பாத்துக்கிட்டு கோடு போடுற எங்க மார்க்கர் அண்ணாவுக்கு. அண்ணா, உங்க வீட்லயும் தண்ணி பூந்துச்சு, எங்களுக்கு தெரியும். இருந்தும் காலைல உங்க வீட்டு சேத்த வாரிட்டு மத்தியானம் கிரவுண்டுக்கு வந்தீங்க. வண்டல் காஞ்சா கட்டி கட்டியா வெடிச்சு கல்லு மாதிரி ஆயிடும், அதுக்குள்ள வாரணும்னு நீங்க சொன்னது எங்க யாருக்கும் தெரியாது. வெள்ளத்துல வந்த பாட்டில் ஓடு, ஆணி எல்லாத்தையும் சேத்துக்குள்ள கைய விட்டு ஒண்ணொண்ணா எடுத்தீங்க, ஏன்னா எங்கள்ல பாதி பேரு வெறுங்கால்ல ஓடுவோம்னு உங்களுக்கு தெரியும். சுண்ணாம்பு பவுடர் பத்தாம இருந்தப்ப கூட பெனால்டி பாக்ஸ் கோட்ட மட்டும் முழுசா போட்டு குடுத்தீங்க, கோல் கீப்பருக்கு அது இல்லாம முடியாதுன்னு.

அப்புறம் எங்க லெஃப்ட் விங் ஆடுற பொண்ணோட அப்பா. கடலுக்கு போறவர், வெள்ளத்துல இவருக்கும் வலை சேதம். நெட் இல்லன்னு பொண்ணு வீட்ல சொல்லிருக்கா, மறுநாள் அவரே கிரவுண்டுக்கு வந்துட்டார். போஸ்ட் எவ்ளோன்னு கேட்டார், 24 அடி அகலம் 8 அடி உயரம்னோம். அதுக்கப்புறம் அவர் கேட்டது தான் எனக்கு மறக்கவே மறக்காது, "பந்த குடும்மா, வலைக்கண்ணு எவ்ளோ வெக்கணும்னு பாக்கணும்" னு வாங்கி ரெண்டு கைலயும் புடிச்சு சுத்திப் பாத்துட்டு, இதுல பாதிக்கும் கம்மியா கண்ணு வெச்சா போதும், காத்தும் போகும் பந்தும் போகாதுன்னார். பழைய நைலான் வலைல நல்லா இருந்த பகுதிய வெட்டி, கிழிஞ்ச இடத்துக்கு புது கயிறு போட்டு, பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர சேத்துக்கிட்டு மரத்தடில உக்காந்து பின்னிக் குடுத்தார். அப்பா, காசு எவ்ளோன்னு எங்க மேடம் கேட்டதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. அதனால காச பத்தி பேசல. நீங்க பின்னுன நெட்ல தான் எங்க பொண்ணுங்க அந்த மாசம் முழுக்க ஷூட்டிங் பிராக்டிஸ் பண்ணாங்க, எவ்ளோ வேகமா அடிச்சாலும் ஒரு கண்ணு கூட விடல.

பாய்ஸ் டீமுக்கும் நன்றி சொல்லியே ஆகணும். கிரவுண்டுல பாதி தான் ஆடுற நெலமைல இருந்துச்சு, அவங்களுக்கும் மேட்ச் இருந்துச்சு, ஆனாலும் காலைல வெயிலுக்கு முன்னாடி இருக்குற நல்ல டைம எங்களுக்கு விட்டுட்டு அவங்க சாயங்காலத்துக்கு மாறிக்கிட்டாங்க. தம்பிங்களா, இத யாரும் உங்கள கேக்கல, நீங்களா பண்ணீங்க.

எங்க பி.டி. மேடம் பத்தி தனியா ஒரு மடலே எழுதலாம். எந்த வீட்ல எந்த பொண்ண "போதும், நிறுத்திக்கோ" ன்னு சொல்லுவாங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், அந்த வீட்டுக்கு எல்லாம் வண்டி எடுத்துக்கிட்டு போய் திண்ணைல உக்காந்து பேசுனாங்க. எடுத்ததும் ஃபுட்பால் பத்தி பேச மாட்டாங்க, வீடு எப்டி இருக்கு, நிவாரணம் வந்துச்சா, இதத்தான் மொதல்ல கேப்பாங்க. ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ்ல ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ் கூட எப்பவும் பீரியட்ஸுக்கு பேடும் மாத்திரையும் இருக்கும், கேக்காமலே இருக்கும். பொண்ணுங்க டீம் வெச்சிருக்குற எல்லாரும் இத ஒரு விஷயமா எடுத்துக்கணும்னு ஆசப்படுறேன், அது இல்லாததால மேட்ச்ல உக்காந்த பொண்ணுங்கள நான் மத்த டீம்ல பாத்திருக்கேன்.

ஆஸ்பத்திரில எங்க சென்டர் பேக் கணுக்கால பாத்த பிசியோ அக்கா, ஹாஸ்டல் மெஸ்ல விடியகாலைல எங்களுக்காக எழுந்து முட்ட அவிச்சு குடுத்த அக்கா, மேட்ச் அன்னைக்கு எவ்ளோ லேட் ஆனாலும் ஒவ்வொரு பொண்ணையும் அவங்க தெரு முனை வரைக்கும் வந்து எறக்கி விட்டு வீட்டுக்குள்ள போறத பாத்துட்டு தான் வண்டிய எடுத்த டிரைவர் அண்ணா, எல்லாருக்கும் நன்றி.

குவார்ட்டர் ஃபைனல்ல எங்க கூட ஆடி தோத்த டீம் பொண்ணுங்களே, உங்களுக்கும். எங்க மிட்ஃபீல்டர் ஷூ அடி பிஞ்சிடுச்சுன்னு பாத்துட்டு, உங்க மேட்ச் முடிஞ்சு நீங்க ஊருக்கு கெளம்புற நேரத்துல உங்க சைஸ் 5 ஷூவ கழட்டி குடுத்துட்டு செருப்போட பஸ் ஏறுனீங்க பாருங்க, அத எங்க டீம்ல யாரும் மறக்க மாட்டோம். கழுவி காய வெச்சு அனுப்பிட்டோம், வந்து சேந்துச்சான்னு ஒரு மெசேஜ் போடுங்க.

எங்க ஊர் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடுனத பாத்து தான் எங்கள்ல பாதி பேர் பந்த தொட்டோம். தமிழ்நாடு பொண்ணுங்க 2018-ல மணிப்பூர ஜெயிச்சு சீனியர் நேஷனல்ஸ் கப் தூக்குனப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன், 2023-ல ஹரியானாவ ஜெயிச்சு மறுபடி தூக்குனப்ப எங்க டீமே ஒரே போன சுத்தி நின்னு ஸ்கோர் பாத்துச்சு. அந்த அக்காங்களுக்கு எல்லாம் எங்கள தெரியாது, இருந்தாலும் அவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.

கடைசியா எங்க வீட்டு ஆளுங்களுக்கு. வீட்ட மறுபடி கட்டிக்கிட்டு இருந்த நேரத்துல "இப்ப என்னடி வெளாட்டு" ன்னு நீங்க கேட்டிருந்தா எங்ககிட்ட பதில் இல்ல. நீங்க கேக்கல. செமி ஃபைனல்ல டிரங்க் பெட்டிய பெஞ்சா போட்டு உக்காந்து, வெள்ளத்துல போனது போக மிச்சம் இருந்த ஒரே நல்ல பொடவைல வந்து கத்துன அம்மாங்கள நாங்க உள்ள இருந்து பாத்தோம்.

நெக்ஸ்ட் சீசன் செலக்சன் காலேஜ் தொறந்த மொத வாரமே இருக்கும், அண்ணா கோடு போட்டு வெச்சிருப்பார். தங்கச்சிங்க ஷூ இல்லன்னு வராம இருக்காதீங்க, ஃபைனல் இயர் நாங்க எல்லாரும் எங்களோடத கழுவி ஸ்போர்ட்ஸ் ரூம்ல சைஸ் எழுதி வெச்சுட்டு தான் போறோம்.

இப்படிக்கு,
டீம் சார்பா, கேப்டன்