யாரு?

நோர்வூட்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதனால்தான் கையால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

போன கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் சர்வரில் பைத்தான் நிரல்மொழியின் புதுப் பதிப்பைப் போட்டாய். ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'விச்' கட்டளையைக் கேட்டால் புதியதின் இடத்தைக் காட்டுகிறது, ஓட்டினால் பழையது ஓடுகிறது. "டெர்மினலை மூடித் திறந்தேன்ப்பா, சரியாப் போச்சு, விட்டுட்டேன்" என்றாய். அந்த 'விட்டுட்டேன்'தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1992-ல் தேயிலைத் தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய சமயம் நான் ஆபீசில் செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் டிவிஷனில் ஒரே பேரில் மூன்று அக்காமார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி கூப்பிடும்போது குழப்பமே வராது; லயத்து நம்பரையோ பட்டப்பேரையோ சேர்த்துத்தான் கூப்பிடுவார். குழப்பமெல்லாம் என் பேனாவில்தான். ஒருவர் கிழமை முழுக்க ஏழாம் நம்பர் மலையில் நின்றார் என்று என் ஞாபகத்தில் இருந்தது. அந்த ஞாபகத்திலேயே அடுத்த நாளும் அவருக்குப் பேர் போட்டுவிட்டேன். அன்றைக்கு அங்கே கொழுந்து எடுத்தது இன்னொருவர். சம்பளத்தன்று அந்த அக்கா ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "ஐயா, நான் பெரட்டுல நின்னதக் கங்காணிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டெர்மினலில் நீ அடிக்கிற கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்தான் பாஷ்; அது செய்ததும் அதேதான். ஒரு கட்டளையை ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அந்த முகவரியைத் தன் ஞாபகப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். அதற்கு 'ஹாஷ்' என்று பெயர். காலையில் அதே டெர்மினலில் பழைய பைத்தானை ஓட்டியிருப்பாய். பிறகு பாத் என்கிற, கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் வரிசையில் முன்னால் இருக்கிற இடத்தில் புதியதைப் போட்டாலும், பாஷ் தானாக மறுபடி தேடாது. 'விச்' தனி நிரல், அதற்கு அந்த ஞாபகம் கிடையாது. அது பாத்தைப் புதிதாகத் தேடிப் புதியதைச் சொன்னது. இரண்டும் பொய் சொல்லவில்லை. டெர்மினலை மூடினதும் ஞாபகம் அழிந்தது, அவ்வளவுதான். 'ஹாஷ் -ஆர்' என்று ஒரு வரி அடித்திருந்தாலே போதும்.

ஆகவே கேட்க வேண்டியது வெளியாளிடம் அல்ல, பாஷிடமே. அது ஒரு பேரைப் பார்த்ததும் முதலில் ஏலியாஸா, அதாவது ஒரு கட்டளைக்கு வைத்த மாற்றுப் பேரா என்று பார்க்கும், பிறகு நாமே எழுதிவைத்த ஃபங்ஷனா, பிறகு தனக்குள்ளேயே இருக்கிற பில்ட்-இன்னா, பிறகு ஹாஷ், கடைசியில்தான் பாத். 'டைப்' என்ற கட்டளை இந்த வரிசையெல்லாம் தெரிந்தது. 'டைப் -ஏ' என்றால் அந்தப் பேரில் இருக்கிற எல்லாரையும் வரிசையாகக் காட்டும். 'டைப் -டி' (type -t) என்றால் அது என்ன வகை என்று ஒரே சொல்லில் பதில்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். பெயர் 'யாரு'. சிரிக்காதே, பாஷ் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்கிறது. திரையில் எழுத்துகள் கொஞ்சம் கோணலாக விழுகின்றன, அது வேறு கதை. உள்ளே, பதிலுக்குத் தக்கபடி வழி பிரித்துவிடும் ஒரு 'கேஸ்' மட்டும். ஃபங்ஷன் என்று பதில் வந்தால் 'டிக்ளேர் -எஃப்' அதன் உடம்பை அப்படியே அச்சடிக்கும். பில்ட்-இன் என்றால் 'ஹெல்ப்'. கோப்பு என்றால் 'டைப் -பி' (type -P), பெரிய பி, அதன் இடத்தை எடுத்துத் தரும். ஹாஷில் பழையது இருந்தால் அந்தப் பழையதையே தரும், நமக்கு வேண்டியதும் அதுதான். அதை 'ரீட்லிங்க் -எஃப்' கையில் கொடுத்தால் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு நிஜக் கோப்புவரை போகும். இங்கே வகுப்பில் இருக்கிற டெபியன் லினக்ஸ் மெஷினில் 'விஐ' என்ற எடிட்டரைக் கேட்டேன். அது ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற அடைவுக்குப் போய், அங்கிருந்து விம் என்ற எடிட்டரில் போய் முடிந்தது. நம் தோட்டங்களுக்குப் போர்டில் ஒரு பேரும் சனங்களின் வாயில் ஒரு பேரும் இருக்கிறதே, அந்த மாதிரி. கடைசியில் 'ஃபைல்', அது எழுத்தாக இருக்கிற ஸ்கிரிப்டா, மெஷின் மொழியில் இருக்கிற பைனரியா என்று சொல்லிவிடும்.

ஏலியாஸ்தான் என்னைப் படுத்திவிட்டது. ஏலியாஸ் என்று வந்தால் அதன் முதல் சொல்லை எடுத்து மறுபடி 'யாரு'விடமே கேட்கும்படி எழுதினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்'ஸைக் கேட்டேன்; அது இங்கே 'எல்எஸ் கலர்' என்பதன் ஏலியாஸ். எல்எஸ் யாரு, எல்எஸ் கலர். எல்எஸ் யாரு, எல்எஸ் கலர்... மெஷினின் காத்தாடி இரைந்தது, டெர்மினல் செத்தது. பிள்ளைகள், "சேர், பழைய மெஷின் சேர்" என்று எனக்காகப் பரிந்து பேசினார்கள். இப்போது ஏலியாஸ் என்றால் அதைக் காட்டிவிட்டு 'டைப் -ஏ' ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏன் தனி ஸ்கிரிப்டாகப் போடவில்லை என்று கேட்பாய். ஸ்கிரிப்ட் வேறொரு ஷெல்லாக ஓடும். உன் டெர்மினலில் இருக்கிற ஏலியாஸும் ஹாஷும் அதற்குத் தெரியாது, 'விச்' மாதிரிதான் அதுவும் முழிக்கும். அதனால் பாஷ் தொடங்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி கோப்பிலேயே எழுது. உன் மேக்கில் இருப்பது இசட்-ஷெல் (zsh) என்கிற வேறு ஷெல் என்று மருமகன் சொன்னார். அங்கே 'விச்' உள்ளேயே இருக்கிறது, 'டைப் -டி' எடுபடாது, 'வென்ஸ் -டபிள்யூ' (whence -w) என்று மாற்றிக்கொள். சர்வரில் பாஷ்தானே, அங்கே இப்படியே போடலாம்.

இன்னொன்று. ஒரு ஃபங்ஷன் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் பிறந்தது என்றும் கேட்கலாம். 'ஷாப்ட் -எஸ் எக்ஸ்ட்டீபக்' (shopt -s extdebug) போட்டுவிட்டு 'டிக்ளேர் -எஃப்', இந்த முறை பெரிய எஃப். உங்கள் ஆபீஸ் சர்வரில் யார் யாரோ எழுதி வைத்ததெல்லாம் இருக்கும், அங்கே இது கைகொடுக்கும். போட்டுப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று எழுது, இல்லாவிட்டால் போனிலாவது சொல்லு.

அட்டனிலிருந்து கொழும்புக்கு வருகிற தம்பியிடம் பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறேன். லீக்ஸும் தேத்தூளும் மேலேயே இருக்கும். பால்மா டின்னைத் தேத்தண்ணிக்கு எடுத்துவிடாதே, அதற்குள் இருப்பது அம்மா இடித்த மிளகாய்த்தூள்.

அன்புடன்,
அப்பா