அமெரிக்காவில் ஃபெடரல் ஒப்பந்தம் எடுக்கும் தமிழ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உரிமையாளர்களுக்கும் எச்.ஆர். பிரிவினருக்கும் வணக்கம்.

ஒப்பந்தம் கையெழுத்தான சூட்டோடு, வேலை அனுமதியைச் சரிபார்க்கிறோம் என்று, "எல்லோரும் கிரீன் கார்டு, பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள்" என்று ஊழியர் அனைவருக்கும் மின்னஞ்சல் போட்டுவிடாதீர்கள். எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். இன்னதுதான் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால் அது பாகுபாட்டுப் புகாராகி, அமெரிக்க அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) விதிக்கும் அபராதம் வரை போகும்.

ஒப்பந்தத்தில் எஃப்.ஏ.ஆர். (ஃபெடரல் அரசின் கொள்முதல் விதித்தொகுப்பு) 52.222-54 என்ற விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2009 செப்டம்பர் 8 முதல் நடப்பில் உள்ள விதி இது. இருந்தால், ஒப்பந்தம் கிடைத்த 30 நாட்களுக்குள் இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியை அரசுப் பதிவுகளோடு ஒப்பிடும் இணையதள முறை) ஃபெடரல் ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும். முன்பே சாதாரண நிறுவனமாகப் பதிந்திருப்பவர்கள் அந்த வகையை மாற்ற வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிந்த 90 நாட்களுக்குள் புதிதாகச் சேருவோரைச் சரிபார்க்கத் தொடங்க வேண்டும். அதன்பின் ஒவ்வொருவருக்கும், வேலையில் சேர்ந்த 3 வேலை நாட்கள்தான் கெடு.

பழைய ஊழியர்களில் அந்த ஒப்பந்த வேலையை நேரடியாகச் செய்பவர்கள் மட்டுமே கட்டாயம். பதிந்ததிலிருந்து 90 நாள், அல்லது அந்த வேலையில் அமர்த்தியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் அவர்களுக்கான சரிபார்ப்பைத் தொடங்குங்கள். சம்பளக் கணக்கு போன்ற பொது அலுவலக வேலை பார்ப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். 1986 நவம்பர் 7-க்கு முன்பிருந்து தொடர்ந்து வேலையில் இருப்பவர்களும், அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கச் செல்லுபடியாகும் பாதுகாப்பு அனுமதி உள்ளவர்களும், நீங்களே முன்பு இ-வெரிஃபையில் சரிபார்த்தவர்களும் அப்படியே. பழையவர்கள் அத்தனை பேரையும் சரிபார்க்கவும் வழியுண்டு, 180 நாள் கெடு. சிறு நிறுவனத்துக்கு அது வீண் சுமை என்பதே எங்கள் கருத்து.

நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில் வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, விசாவில் எஃப்.என்.யூ. ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), சோஷியல் செக்யூரிட்டி பதிவில் அப்பா பெயர் முன்னும் பின்னுமாக. ஒற்றைப் பெயர்க்காரர் ஐ-9 படிவத்தில் (வேலையில் சேரும்போது நிரப்பும் வேலை அனுமதிப் படிவம்) அந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. அல்ல, 'அன்நோன்' என்று வர வேண்டும். குடியுரிமை வாங்கியதையோ, திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியதையோ சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொல்லாமல் விட்டிருந்தாலும் பதிவு பொருந்தாது.

இ-வெரிஃபையில் பதிவு பொருந்தவில்லை என்று வந்தால் ஊழியரைத் தனியே அழைத்து அறிவிப்பைக் கொடுங்கள். அவர் மறுத்து முறையிட விரும்பினால், இ-வெரிஃபையில் அவருடைய கேஸை நீங்கள் அனுப்பிய பிறகு உரிய அரசு அலுவலகத்தைத் தொடர்புகொள்ள அவருக்கு 8 அரசு வேலை நாட்கள் உண்டு. முடிவு வரும்வரை வேலையை நிறுத்துவதோ, சம்பளத்தைப் பிடிப்பதோ, பிராஜெக்டிலிருந்து எடுப்பதோ கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இன்னும் வராத புதியவரும் வேலையைத் தொடங்கலாம். எண் வந்ததும் கேஸ் திறந்து தாமதக் காரணத்தைக் குறித்தால் சரி.

துணை ஒப்பந்தக்காரர்களின் ஐ-9 படிவங்களைக் கேட்டு வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். அவர்கள் இ-வெரிஃபையில் பதிந்ததைக் காட்டும் பக்கத்தின் நகல் போதும்.

இப்படிக்கு,
ஐ-9 கோப்புகளைச் சரிபார்க்கும் பணியில் இருப்போர்