சத்தம் வந்து சேராத வாணங்கள்

டர்பன்
தீபாவளி முடிந்த மூன்றாம் நாள்

அன்பு நண்பா,

உன் கடிதம் புரட்டாசி விரதம் முடிகிற வாரத்தில் கையில் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை நடக்கிறாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். லண்டன் குளிரில் அதைச் சாதித்திருக்கிறாய். அந்தப் பிடிவாதம் பதினெட்டு வயதிலேயே உன்னிடம் இருந்ததுதான்.

தீபாவளி எப்படிப் போயிற்று என்று ஆண்டுதோறும் கேட்கிறாய். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், விளக்கேற்றினோம், அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினோம் என்று நானும் மூன்று வரியில் முடித்துவிடுவேன். இந்த முறை அப்படி முடிக்க முடியாது. அன்று இரவு நான் துறைமுகத்தில், படகில் இருந்தேன். நீயும் நானும் தினமும் கடந்த அதே தண்ணீரில்.

ஏற்பாடு பேத்தியுடையது. தீபாவளி இரவில் தெருவில் வெடி தொடங்கினால் என் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவேன் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். "தாத்தா, சத்தம் தூரத்தில் இருக்கட்டும், வெளிச்சத்தை மட்டும் பார்க்கலாம்" என்று சொல்லி ஆறு டிக்கெட் வாங்கிவிட்டாள். துறைமுகத்துக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் சுற்றிவரும் படகு. எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டேன். எம்பாங்க்மென்ட் என்றாள். விக்டோரியா எம்பாங்க்மென்ட்தான். அதற்கு இப்போது மார்கரெட் ம்ன்சாடி அவென்யூ என்று பெயர். பெயரைக் கேட்டதும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. வரவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991இல் நீ முதல் முறையாகத் திரும்பி வந்தபோது உன்னை அந்தக் கரைக்கு அழைத்துப்போனேன். நீ காரைவிட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நம் பழைய கல்லூரித் தீவு இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "போகலாம்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நானும் தண்ணீரில் இறங்கவில்லை. கரையோரம் நடந்திருக்கிறேன், ஆனால் படகில் ஏறவில்லை. படிப்பை முடித்துவிட்டுக் கடைசிப் படகில் திரும்பிய நாளோடு சரி.

சாயங்காலம் ஆறரைக்கு ஏறினோம். குழந்தைகள் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை போதவில்லை என்று கால் மணி நேரம் தாமதம். வேறு படகிலிருந்து கொண்டுவந்து கட்டிவிட்ட பிறகுதான் பேரனை உள்ளே விட்டேன். சுமார் நாற்பது பேர், பாதிக்கு மேல் நம்மவர்கள். எல்லோர் மடியிலும் ஒரு டப்பா. மிளகாய் வடை வாசமும் டீசல் வாசமும் கலந்து வந்தது. பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா யார் எவர் என்று கேட்காமல் எல்லோருக்கும் பர்ஃபி கொடுத்துக்கொண்டே போனார்.

அமாவாசை இருட்டு. நிலா இல்லாததால் நகரத்து விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக விழுந்திருந்தன. அமாவாசை என்றால் ஓதமும் பெரிதல்லவா. பிற்பகலில் ஏறிய தண்ணீர் அந்த நேரத்தில் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. நடுவிலே மணல்திட்டு தலைகாட்டத் தொடங்கும், அதனால் கப்பல் கால்வாயை விட்டு விலக மாட்டேன் என்று படகோட்டி ஒலிபெருக்கியில் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். வடியும் தண்ணீரின் அந்தச் சேற்று வாசம், நண்பா, கொஞ்சமும் மாறவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தத் துறைமுகம் முழுக்க நாணலும் பிளாஸ்டிக்கும் மரக்கட்டையுமாக மிதந்தது. அதற்குப் பிறகும் அந்த வாசம் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடினேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, நீர்த்திவலை பட்டுவிடக் கூடாதென்று வேதியியல் புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தாய்.

தீவு வலப்பக்கம் வந்தது. சாலிஸ்பரித் தீவு இப்போது தீவே இல்லை. நிலத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் கொள்கலன் அடுக்குகள். ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் போல் பளு தூக்கிகள் நிற்கின்றன, மஞ்சள் விளக்கோடு. பேத்தி கையை நீட்டி, "இங்கேயா படித்தீர்கள்?" என்றாள். நம்ப முடியாமல்தான் கேட்டாள். 1959இல் வந்த சட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களின் கதவை நமக்கு அடைத்தது, 1961இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியை இந்தத் தீவில், கடற்படை விட்டுப்போன பழைய பாசறைகளில் திறந்தார்கள், 1972இல்தான் அது வெஸ்ட்வில் குன்றுக்குப் போனது என்று அவளுக்குச் சொன்னேன். அது நிறவெறி அரசின் கல்லூரி என்று, அங்கே போகிறவர்களைப் பார்த்து நம் சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னேன். போகாமல் இருந்திருந்தால் படிப்பே இல்லை என்று நம் இரண்டு அம்மாக்களும் குழாயடியில் நின்று பேசி முடிவு செய்ததையும் சொன்னேன். படகு அவ்வளவு மெதுவாகப் போயிற்று. எல்லாவற்றையும் சொல்ல நேரம் இருந்தது.

ஏழு மணி. நகராட்சி விதிப்படி ஏழிலிருந்து பத்து வரைதான் வெடிக்கலாம். மணி அடித்ததுபோல், நகரத்தை ஒட்டிய பெரியா (Berea) மேட்டின் மேல் முதல் வாணம் ஏறியது. சிவப்பு. பிறகு பச்சை இரண்டு.

பேத்தி நிறத்தைப் பற்றிக் கேட்டாள். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பதில் வாயில் இருந்தது: சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம், மஞ்சள் சோடியம். ஆனால் அந்தப் பதிலை நான் எங்கே கற்றேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரே நூறு கஜத்தில் இருந்த அந்தத் தீவில்தானே! சுடர்ச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? தகரக் கூரைப் பாசறையில் நீளமான மேசை, நான்கு பேருக்கு ஒரு பன்சன் விளக்கு. கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுட்டு, மறுபடி தோய்த்து, உப்பில் தொட்டுச் சுடரில் காட்ட வேண்டும். நமக்கு எதைக் காட்டினாலும் மஞ்சளாகவே எரிந்தது. கையால் தொட்டதால்தான் என்று விரிவுரையாளர் நம்மைக் கடிந்துகொண்டார். நீதான் எழுந்து சொன்னாய்: "ஐயா, ஜன்னல் திறந்திருக்கிறது. இங்கே காற்றே உப்பு." ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி செய்தோம். மஞ்சள் விலகிச் சிவப்பு வந்தது. கிரிம்சன் என்று புத்தகத்தில் மட்டும் படித்திருந்த அந்தச் சிவப்பு உன் கம்பி முனையில் ஒரு நொடி நின்றது. நாம் இருவரும் பேசவில்லை. பிறகு வகுப்புக்கே ஒன்றாக இருந்த கோபால்ட் நீலக் கண்ணாடியைக் கைமாற்றிக் கைமாற்றி, பொட்டாசியத்தின் ஊதாவைத் தேடினோம்.

அதே சிவப்பு, நண்பா. அதே தீவுக்கு மேலே.

நீல வாணம் ஒன்று கிளம்பியபோது அவளுக்கு அதைச் சுட்டிக் காட்டினேன். நீலம்தான் வாணக்காரர்களுக்கு மிகக் கடினம். தாமிரமும் குளோரினும் சேர்ந்து நின்றால்தான் அந்த நிறம். சூடு கொஞ்சம் கூடினால் அந்தச் சேர்க்கை சிதைந்துபோகும், குறைந்தால் ஒளியே மங்கிவிடும். நல்ல நீலத்தைப் பார்த்தால் அதைச் செய்த கைக்கு மரியாதை செய்ய வேண்டும். அது சிவகாசிக் கையோ சீனத்துக் கையோ, எதுவானாலும்.

பேரனுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கு, சத்தம் வந்ததும் நிறுத்து, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றேன். பெரியா மேட்டு வாணத்துக்குப் பத்து எண்ணினான். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குச் சரியாக வந்தது. பிறகு அவன் தென்மேற்கே திரும்பி எண்ணத் தொடங்கினான். முப்பது, நாற்பது, ஐம்பது. "தாத்தா, சத்தம் வரவே இல்லை" என்றான்.

நானும் திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்தின் கடைக்கோடிக்கு அப்பால், தூரத்துக் குன்றுகளின் மேல், சின்னச் சின்னப் பூக்களாக வாணங்கள் ஓயாமல் பூத்துக்கொண்டிருந்தன. ஒன்று அணைவதற்குள் நான்கு. ஒரு சத்தமும் இல்லை. சாட்ஸ்வொர்த்.

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ மேகசின் பேரக்ஸை நினைத்துப்பார். இந்தக் கரையிலிருந்து நடக்கும் தூரத்தில், சோம்ட்சூ ரோட்டில், நாம் அடுத்தடுத்த வாசலில் கம்பி மத்தாப்புக் கொளுத்திய இடம். நகராட்சி வேலைக்காரர்களின் வரிசை வீடுகள், தகரக் கூரை, பொதுக் குழாய். தீபாவளி அன்று ஒரு வீட்டு வாசலில் வைத்த சங்குசக்கரம் உருண்டு மூன்றாவது வீட்டுக்குள் போகும். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்து 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் அறுபதுகளின் நடுவில் நம் வாசலை எட்டியது. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் குன்றுகளில் இறக்கினார்கள். நீ அதற்குள் திரும்பி வர முடியாத எக்ஸிட் பெர்மிட் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாய். சாமான்களை லாரியில் ஏற்றியதை நீ பார்க்கவில்லை. உன் அம்மா குத்துவிளக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

தண்ணீரின் நடுவிலிருந்து பார்த்தால், யாரை எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் என்பதை வாணங்களே காட்டுகின்றன. தென்மேற்கே சாட்ஸ்வொர்த். தெற்கே பிளஃப் மேட்டின் முதுகுக்குப் பின்னால், மேர்பேங்க் பக்கம், வானத்தில் அவ்வப்போது ஒரு சிவப்பு. வடக்கே ஃபீனிக்ஸ் இங்கிருந்து தெரியாது, பெரியா மேடு மறைக்கிறது. நம் மேகசின் பேரக்ஸ் இருந்த திசையில் ஒரு வாணமும் இல்லை. அங்கே கொளுத்த நம்மில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் குன்றுகளில் எவ்வளவு வெளிச்சம்! பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துவிட்டது.

படகு முகத்துவாரம் வரை போய்த் திரும்பியது. வெளியே கடலில், முறை வருவதற்காக நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாக இருந்தன. 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு வந்து நின்றதும் அந்தப் பக்கம்தான். என் கொள்ளுப்பாட்டி அதற்கு ரொம்பப் பிறகு வந்தவர், ஆனால் அவரும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். அவர் பெயரைப் பேத்திக்குச் சொன்னேன். அவள் அதைக் கைபேசியில் எழுதிக்கொண்டாள்.

மற்றச் செய்திகள் கொஞ்சம். மகன் வேலையை மாற்றிக்கொண்டான், முன்னைவிட நிம்மதியாக இருக்கிறான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், பேரனையும் சேர்த்து. நம் கடிதங்களைப் பிரித்துப் படித்தவர்களுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் எழுதத் தொடங்கினோமே, அந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். ஒரு சிறுமி, "அப்படியானால் நானும் என் தோழிக்குத் தமிழில் எழுதுகிறேன்" என்று அன்றே உட்கார்ந்து நான்கு வரி எழுதினாள். இரண்டு எழுத்துப்பிழை. நான் திருத்தவில்லை.

நீ வர வேண்டும். மருத்துவர் பயணத்துக்கு எப்போது அனுமதி தருவார் என்று கேட்டு எழுது. நான் பயந்தது அந்தத் தண்ணீரில் இல்லை, நண்பா. ஏறி அமர்ந்த கால் மணி நேரத்தில் அது தெரிந்துவிட்டது. உன்னை மறுபடி கரையில் நிறுத்திவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை. அடுத்த தீபாவளிக்கு ஏழு டிக்கெட் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஏறும் பலகை அகலமானது, கைப்பிடி இருக்கிறது, உன் முழங்காலுக்குச் சிரமம் இராது. போகும்போது எங்கே உட்கார்ந்தாலும் சரி. திரும்பும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும். முதலில் தீவு வரும், அது முடிந்ததும் சாட்ஸ்வொர்த் தெரியும். பேரன் எண்ணுவான்.

என்றும் உன்,
பாசறை மேசையில் உன் பக்கத்து நாற்காலிக்காரன்