எலி மிதந்தால் மனச்சோர்வா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைச் சாறு கொடுத்ததும் எலிகளின் மனச்சோர்வு நீங்கியது என்ற வகைச் செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகச் செய்யப்படுவது கட்டாய நீச்சல் சோதனை. அதில் என்ன அளக்கப்படுகிறது என்பது மட்டும் செய்தியில் இருப்பதில்லை.

1977-ல் போர்சோல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த முறை இது. சுமார் 25 டிகிரி தண்ணீர் உள்ள கண்ணாடி உருளையில் சுண்டெலியை விடுவார்கள். வெளியேற வழி கிடையாது. முதலில் சுவரைப் பிறாண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும். பிறகு மூக்கை மட்டும் மேலே வைத்து, காலை லேசாக அசைத்தபடி மிதக்கும். ஆறு நிமிடத்தில் முதல் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதி நான்கில் எத்தனை வினாடி மிதந்தது என்று கணக்கிடுவார்கள். பெரிய எலிக்கு முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் கொடுத்தால் மிதக்கும் நேரம் குறையும். அளவீடு அவ்வளவுதான்.

இங்கே நோயுற்ற எலி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரில் விடும்வரை அது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த எலி. மிதப்பதை நம்பிக்கை இழப்பு என்று அன்று விளக்கினார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்துகொண்டு தெம்பை மிச்சம் பிடிக்கிறது என்றும் சொல்லலாம். எங்களுக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மருந்தின் ஒரே ஒரு வேளை எலியின் மிதப்பைக் குறைத்துவிடுகிறது. நோயாளிக்கோ அதே மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகிறது.

சோதனை கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. தண்ணீர் ஆழம் குறைந்தால் எலி வாலை ஊன்றி நின்றுவிடும். பார்ப்பவர் அதையும் மிதப்பாக எண்ணிவிடுவார். தண்ணீர் குளிர்ந்தால் உடல் விறைத்து அசைவு மாறும். எந்த எலிக்கு மருந்து என்று தெரிந்தவரே ஸ்டாப்வாட்ச் பிடித்தால் கை தானாகச் சாயும். வீடியோ எடுத்து, விவரம் அறியாதவரிடம் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். சாற்றை சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) என்ற கொழகொழப்பான கரைசலில் கலந்து கொடுத்திருந்தால், சாறு பெறாத ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே கரைசலை அதே அளவில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, காஃபின் போன்ற கிளர்ச்சியூட்டிகள். அவை எலியைத் துறுதுறுவென்று ஓட வைக்கும், மிதப்பும் குறையும். ஆகவே, ஒளிக்கற்றையை எலி எத்தனை முறை குறுக்கிடுகிறது என்று எண்ணும் ஆக்டோபோட்டோமீட்டரில் வெறும் நடமாட்டத்தையும் அளந்து பார்க்காத ஆய்வில், மிதப்பு எண்ணை நம்ப முடியாது.

முறையாகச் செய்தாலும் மனிதரிடம் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மெர்க் நிறுவனத்தின் எம்.கே.-869 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது, நரம்புகளிடையே செய்தி கடத்தும் பி-பொருள் (substance P) வந்து ஒட்டும் புரதமான ஏற்பியை அடைக்கும் மருந்து. எலியின் ஏற்பி மனித ஏற்பியிலிருந்து வேறுபடுவதால், தாயைப் பிரித்த கினிப் பன்றிக் குட்டிகளின் கூக்குரலைக் கொண்டு சோதித்தார்கள், குரல் அடங்கியது. 1998-ல் வெளியான முதல் நோயாளிச் சோதனையும் நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. இன்று அதே மருந்து அப்ரெபிடன்ட் என்ற பெயரில் கீமோதெரபி வாந்திக்குப் பயன்படுகிறது.

விலங்கு ஆய்வே வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. நீடித்த மிதமான அழுத்த முறையில், எலிக்கு வாரக்கணக்கில் ஈரப் படுக்கை, சாய்ந்த கூண்டு, இரவில் விளக்கு என்று மாற்றி மாற்றித் தொல்லை தருவார்கள். தண்ணீரும் 1 சதவீதச் சர்க்கரைத் தண்ணீரும் பக்கத்தில் வைத்தால், நல்ல எலி இனிப்பையே நாடும். தொல்லைக்கு ஆளான எலிக்கு அந்த நாட்டம் குறையும். அந்த நாட்டம் திரும்பி வரவும் மனச்சோர்வு மருந்தை வாரக்கணக்கில் தொடர வேண்டும், மனிதருக்கு ஆவது போலவே. ஆனால் இரண்டு நாளில் முடியும் நீச்சலோடு ஒப்பிட்டால் இதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். முதுகலை ஆய்வேட்டின் கால அளவுக்குள் அடக்குவது கடினம்.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்தச் சோதனை, எத்தனை எலி, எத்தனை நாள் மருந்து, நடமாட்டம் தனியே அளக்கப்பட்டதா என்ற நான்கையும் நிருபர் கேட்டு எழுதச் செய்யுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து வருபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டுச் சாற்றுக்கு மாற வேண்டாம் என்ற ஒரு வரியும் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.