இரும்பில் ஒரு பூவரச இலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லுப்பட்டறைகள் அழிந்து வருவதாக உங்கள் ஞாயிறு பக்கத்தில் படித்தேன். ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினத்தில் 40 வருடமாக உலை மூட்டுகிறவன் நான். நங்கூரம், அரிவாள், மண்வெட்டி என்றே காலம் போயிற்று. கட்டுரையில் சொன்னது பாதி சரி. மீதிக்குத்தான் இந்தக் கடிதம், இரும்புக் கம்பியில் இலை அடிப்பதைப் பற்றி.

வெல்டிங் படித்த என் தங்கை மகன் ஒரு வீட்டு கேட்டின் அலங்காரத்துக்கு, "மாமா, ரெடிமேட் தகர இலை வாங்கி ஒட்டிவிடலாம்" என்றான். ஒட்டினோம். இரண்டே ஐப்பசி மழை. ஒவ்வொரு இலைக்கும் பின்னாலிருந்து துருத்தண்ணீர் கோடு கோடாக வழிந்துவிட்டது. இலைக்கும் கம்பிக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் தங்கும், அங்கே பெயின்ட் பிரஷ் நுழையாது. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று, தகரத்தை விடுமா? வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்புறம்தான் கம்பியிலிருந்தே இலையை இழுப்பது என்று உட்கார்ந்தேன், 57 வயதில். 12 மி.மீ. கம்பியை மஞ்சளாகக் காய்ச்சி முதலில் நுனியைக் கூராக்க வேண்டும். கூருக்கு ஓர் அங்குலம் பின்னால் அடைகல்லின் (கம்பியை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை) விளிம்பில் வைத்துத் தட்டினால் கழுத்து இறங்கும், அதாவது அந்த இடம் மெலியும். அப்போது பார்த்தால் காம்போடு கூடிய கத்தரிப்பிஞ்சு மாதிரி இருக்கும். கழுத்தை நீட்டிக் காம்பாக உருட்டிவிட்டு, பிஞ்சைத் தட்டையாக்கினால் இலை. நரம்புக்கு மழுங்கிய உளிதான். கூர் உளி இலையை இரண்டாகப் பிளந்துவிடும்.

சொல்வது சுலபம். முதல் இலையில் கழுத்தை அதிகம் இறக்கி, கையோடு உடைந்தது. மூன்றாவதை உலையில் வைத்துவிட்டு போனை எடுத்தேன். திரும்புவதற்குள் ஓரமெல்லாம் மத்தாப்பாய்ப் பொரிந்துவிட்டது. காம்பு சிவக்கும் முன்பே மெல்லிய இலை வெந்துவிடும், காற்றைக் குறைத்தே ஊத வேண்டும். நம் ஜில்லாவில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை, நல்ல கரி. ஆனால் காற்று கூடினால் பொறி கண்ணுக்கு வரும்.

வேப்பிலை சீக்கிரம் வந்துவிட்டது. சின்ன வயதில் பீப்பீ சுருட்டி ஊதின பூவரச இலைதான் ஆட்டம் காட்டியது. அகலம் வேண்டும், காம்படியில் இதயம் போல உள்வாங்கவும் வேண்டும். பூ இன்னொரு கதை. தகட்டில் ஐந்து இதழ் வெட்டி, நடுவில் ஆணி வைத்து அடித்து இறுக்கி, காய்ச்சி, ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். கைக்கு அகப்பட்டதே என்று ஒருமுறை துத்தநாகம் பூசிய தகட்டைக் காய்ச்சினேன். அந்தப் புகைக்கு ராத்திரி முழுக்கக் குளிர்காய்ச்சல். யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு வெல்டிங் வைக்கிற அந்தத் தங்கை மகனுக்கே பதினோராவது இலைதான் இலையாக வந்தது. அதனால்தான் சொல்கிறேன், தொழிற்பயிற்சி கொடுப்பவர்கள் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் உலையும் வைக்கட்டும், பையன்களுக்கு முதல் பாடமாக இலையைக் கொடுக்கட்டும். நீட்டல், இறக்கல், பரப்பல், வளைத்தல் எல்லாம் அரையடிக் கம்பியில் கைக்கு வந்துவிடும்.

அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் என் பட்டறைக்கு வரலாம், காசு வேண்டாம். பருத்திச் சட்டை போட்டு வரச்சொல்லுங்கள். பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு கொல்லர்,
தேவிபட்டினம்